ஊர்த் தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றுவது: எந்த வழி எங்களுக்குச் சரி?

புரட்டாதி முடியும் நேரம், எங்கள் பழைய மாணவர் சங்க இணையத்தளத்தின் ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் சேர்வர் கணினியில் எடுத்த வாடகை இடத்தை, புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு முதல்முறை கட்டியதைப் போல இரண்டரை மடங்கு கேட்டிருந்தார்கள். அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் பொருளாளர் அண்ணையுடன் கதைத்தேன். "தம்பி, காசு கட்டுறது பிரச்சினை இல்லை. ஆனா அந்தக் கணக்கு ஆரின்ர பேரில இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. காசு கட்டியவர் ஒருவர், கணக்கைத் திறந்தவர் இன்னொருவர், பாஸ்வேர்ட் வைத்திருந்தவர் மூன்றாமவர். வன்னியில் இப்படித்தான் பல ஊர்த் தளங்கள் நடக்கின்றன. கோயில், விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், பாடசாலை, எதை எடுத்தாலும் இதே நிலைமைதான். அதனால்தான் நாங்கள் தேடி, கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்ததை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமத்துப் பாடசாலை ஒன்றின் தளம் அது. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள், படங்களோடு சேர்த்து 6 ஜிபி. பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகம், வரவு இடாப்புகள், பரிசளிப்பு விழாப் படங்கள் எல்லாம் 2008, 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. இன்று தளத்தில் இருக்கிற பழைய படங்கள், வெளிநாட்டில் உள்ளவர்களின் அல்பங்களில் இருந்து ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து எடுத்தவை. அல்பம் வைத்திருந்த சிலர் இப்போது உயிருடன் இல்லை. அந்தப் படங்களுக்குத் தளத்தில் உள்ளதைத் தவிர வேறு பிரதி கிடையாது.

ஆகவே ஒப்பிடத் தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டோம். எந்த வழியால் மாற்றினாலும், மாற்றி முடிந்த அன்று முழுத் தளத்தின் பிரதியும் எங்கள் கையில் இருக்க வேண்டும். அதைத் தராத வழி எவ்வளவு மலிவானாலும் எங்களுக்கு வேண்டாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

தளம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் காரணம் படங்கள்தான். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், எந்தச் சேர்வரில் வைத்தாலும் மாங்குளத்தில் ஒரு கோடு சிக்னலில் திறப்பவருக்கு அது ஊர்ந்துதான் வரும். படங்களைச் சுருக்கி, பக்கங்களைத் தயாராக எடுத்து வைத்திருக்கும் கேஷ் பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டு, ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கட்டுப்பாட்டுப் பலகையில், தளத்தை இயக்கும் பிஎச்பி மொழியின் பதிப்பை உயர்த்திப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீரும்.

எங்களுக்கு அது போதவில்லை. விலை ஒரு காரணம். பழைய சேர்வர் பிஎச்பி 7.4-ஐத் தாண்டவில்லை என்பது அடுத்த காரணம். அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு இன்னாருடையது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கே போவது?

எங்கள் முன் நாலு தெரிவுகள் இருந்தன. கொழும்பில் உள்ள உள்ளூர் நிறுவனம், சிங்கப்பூரிலோ மும்பையிலோ சேர்வர் வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம், ஐரோப்பிய அல்லது அமெரிக்கச் சேர்வர், அப்புறம் எங்கள் பொடியன்கள் ஆசைப்படும் விபிஎஸ், அதாவது பெரிய சேர்வர் ஒன்றில் எங்களுக்கென்று பிரித்துத் தரும் பகுதி.

உள்ளூர் நிறுவனத்தை இலேசாக ஒதுக்கிவிடக் கூடாது. ரூபாவில் கட்டலாம், கிளிநொச்சி வங்கிக் கிளையிலேயே வைப்புச் செய்யலாம். சங்கத்தின் பெயரில் பற்றுச்சீட்டு கிடைக்கும். பதிவு செய்த சங்கம் நடத்துபவர்களுக்கு இதன் அருமை தெரியும். வருடாந்தக் கணக்காய்வில் யாரோ ஒருவருடைய கடனட்டைக் கூற்றைக் காட்டிச் சமாளிக்க முடியாது. டொலர் ஏறினால் அது நேரே எங்கள் தலையில் விழாது என்பதும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதம் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த நேரத்தில் புதுப்பிப்பு வந்த ஊர்த் தளங்கள் சில அப்படியே மூடப்பட்டன. மறுபக்கமும் இருக்கிறது. அதே காசுக்கு உள்ளூரில் கிடைக்கும் இடம் குறைவு. உள்ளூர் நிறுவனம் என்று சொல்பவர்களில் பலர் வெளிநாட்டுச் சேர்வரை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்பவர்கள். ஆகவே "சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, பாக்கப் எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள், நானே இறக்கிக்கொள்ளலாமா" என்று மூன்று கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள். பதில் பிந்தினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

தூரத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு. போய் வர 27 மில்லிசெக்கன். நியூயோர்க் 14,000 கிலோமீற்றர் அளவு. போய் வர 140. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, இடையில் கருவிகள் உண்டு, ஆகவே உண்மையில் இதைவிடக் கூடத்தான் எடுக்கும். பாதுகாப்பான இணைப்பில் பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கே பொதுவாக மூன்று தடவை போய் வர வேண்டும். சிங்கப்பூர் என்றால் 80 மில்லிசெக்கன், நியூயோர்க் என்றால் 420. ஒட்டுசுட்டானில் இருந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் விளங்கும்.

ஆனால் எங்கள் தளத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பரந்து கிடக்கிறார்கள். ஊருக்குக் கிட்ட வைத்தால் அவர்களுக்குத் தூரம், அவர்களுக்குக் கிட்ட வைத்தால் ஊருக்குத் தூரம். இந்த இழுபறியைக் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை ஒன்று பெரிதும் தீர்த்துவைக்கும். படங்களையும் நிலையான கோப்புகளையும் அது உலகின் பல நகரங்களில் பிரதி எடுத்து வைத்துக் கொடுக்கும். கொழும்பிலும் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. இலவசத் திட்டமே எங்களைப் போன்ற தளத்துக்குப் போதும். அதைப் போட்ட பிறகு சேர்வர் எந்த நாட்டில் என்பது முன்பு போலப் பெரிய கேள்வி இல்லை. அதனால் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நாங்கள் அதிக நேரம் ஆராயவில்லை.

விபிஎஸ் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாதம் 5, 6 டொலருக்குத் தனிச் சேர்வர் போல ஒன்று கிடைக்கும், வேகமும் நன்றாக இருக்கும். ஆனால் அதன் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, தாக்குதல் வந்தால் தடுப்பது, தரவுத்தளம் நின்றால் எழுப்புவது எல்லாம் எங்கள் வேலை. இன்று அதைச் செய்யத் தெரிந்த பொடியன் இருப்பான். அடுத்த வருடம் அவன் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விட்டால்? அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் போன அன்றும் தளம் நிற்காமல் ஓட வேண்டும். ஊர் அமைப்புக்கு, நிறுவனமே பராமரிக்கும் ஒரே சேர்வரைப் பல தளங்கள் பகிரும் பொது ஹோஸ்டிங்தான் சரி, அதிலும் சீபனல் போல எல்லோருக்கும் பழகிய கட்டுப்பாட்டுப் பலகை உள்ளதாக இருந்தால் நல்லது. விபிஎஸ்ஸைச் சொந்தத் தொழிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பார்க்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள். புதுப்பிப்பு விலை எவ்வளவு என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

எப்படிக் கொண்டுபோவது?

தளம் என்று நாங்கள் சொல்வது உண்மையில் நாலு பொருள். டொமைன் பெயர், அந்தப் பெயர் எந்தச் சேர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ், கோப்புகளும் தரவுத்தளமும், மின்னஞ்சல். ஹோஸ்டிங்கை மாற்ற டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையில்லை. இரண்டையும் ஒரே கிழமையில் செய்யப் போய்ச் சிக்குப்பட்டவர்கள் உண்டு. டொட் கொம் போன்ற பெயர்களைப் பதிவு செய்து, அல்லது ஒருமுறை மாற்றி, 60 நாளுக்குள் மறுபடி மாற்ற முனைந்தால் பூட்டு விழும். டொட் எல்கே பெயர்களும் டொட் இலங்கை பெயர்களும் எல்கே டொமைன் பதிவகத்திடம் இருக்கும்; அவற்றின் பதிவை இடம் மாற்றத் தேவையே இல்லை. காணிப் பெர்மிற் யாருடைய பெயரில் என்று கேட்பது போல, டொமைன் யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் என்பதை மட்டும் முதல் வேலையாகப் பாருங்கள்.

இனி வழிகள். புதிய நிறுவனம் இலவசமாக மாற்றித் தருவது முதலாவது. பழைய பலகையின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் செய்வார்கள். இரண்டு பக்கமும் சீபனல் என்றால் கோப்பு, தரவுத்தளம், மின்னஞ்சல் பெட்டி எல்லாம் ஒரே பொதியாக வரும். இதைவிட இலகுவான வழி இல்லை. பலகை வேறு வேறு என்றால் பெரும்பாலும் தளத்தை மட்டும் கொண்டுவருவார்கள், மின்னஞ்சல் பழைய இடத்திலேயே கிடக்கும்.

இந்த வழியால் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் தளத்தை இப்படித்தான் மாற்றுவித்தேன். ஒரே இரவில் "முடிந்தது" என்று மின்னஞ்சல் வந்தது. முகப்பு திறந்தது, புதிய செய்திகள் திறந்தன, படங்கள் தெரிந்தன. சந்தோசமாகப் பழைய கணக்கை மூடினோம். இரண்டு மாதம் கழித்து ஒருவர் 2014ஆம் ஆண்டு இறுதிப் போட்டிப் படங்களைத் தேடினார். அந்த ஆண்டுக் கோப்புறை வெறுமையாக இருந்தது. நகலெடுப்பு இடையில் எங்கோ அறுந்திருக்கிறது, யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. லண்டனில் உள்ள ஒரு அக்கா பென் டிரைவில் கொஞ்சம் சேமித்து வைத்திருந்தார். மற்றவை இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் பிறகு யார் மாற்றினாலும் சரி, பழைய பக்கத்திலும் புதிய பக்கத்திலும் ஒவ்வொரு ஆண்டுக் கோப்புறையிலும் எத்தனை கோப்பு, மொத்தம் எத்தனை எம்பி என்று எழுதி ஒப்பிடாமல் பழைய கணக்கை மூடுவதில்லை.

இரண்டாவது வழி பிளகின். டூப்ளிகேட்டர், ஆல் இன் ஒன் டபிள்யூபி மைகிரேஷன் போன்றவை முழுத் தளத்தையும் ஒரு பொதியாகக் கட்டித் தரும். பொதி உங்கள் கையில் வருவதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். 500 எம்பிக்குள் உள்ள சின்னத் தளம் என்றால் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. பெரிய தளத்தில்தான் சிக்கல். பொதுச் சேர்வரில் ஒரு வேலைக்கு 30 செக்கன் போன்ற நேர எல்லை இருக்கும். 6 ஜிபி பொதியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை செத்துவிடும். கட்டி முடித்தாலும், புதிய சேர்வர் அனுமதிக்கும் பதிவேற்ற அளவைப் பொதி தாண்டிவிடும். அப்புறம் எங்கள் இணைப்பு. 4ஜி ரவுட்டரில் மேலேற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 ஜிபி ஏற 24,000 செக்கன், அதாவது 6 மணித்தியாலம் 40 நிமிடம். நடுவில் ஒருமுறை கரண்ட் போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இடைக்கிடை மின்வெட்டு வரும் ஊரில் இது சின்ன விசயம் இல்லை.

மூன்றாவது வழி கையால் செய்வது. பேரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், அவ்வளவு பயமில்லை. தூரத்தில் இருந்தே கட்டளை தட்டச்ச உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் பழைய சேர்வருக்குள் போய்க் கோப்புகளை ஒரு தார் பொதியாகவும் தரவுத்தளத்தை ஒரு எஸ்கியூஎல் கோப்பாகவும் எடுக்க வேண்டும். பிறகு புதிய சேர்வரில் இருந்துகொண்டு அவற்றை நேரடியாக இழுக்க வேண்டும். முக்கியமான இடம் இதுதான். பொதி கிளிநொச்சிக்கு வந்து திரும்பப் போகவில்லை. ஒரு தரவு மையத்தில் இருந்து இன்னொன்றுக்கு நேரே போகிறது. எங்களுக்கு 6 மணித்தியாலம் எடுப்பது அங்கே சில நிமிடம். எங்கள் டேட்டாவில் போவது நாங்கள் தட்டச்சும் கட்டளைகள் மட்டும். கரண்ட் போனாலும் அங்கே வேலை தொடரும்படி ஸ்க்ரீன் என்ற கருவிக்குள் வைத்து ஓடவிடலாம். அப்புறம் அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் பெயர், பயனர், பாஸ்வேர்ட் மூன்றையும் மாற்றினால் தளம் எழும்பும். டொமைன் மாறாததால் பதிவுகளுக்குள் இருக்கும் இணைப்பு முகவரிகளில் கை வைக்கத் தேவையில்லை. கையில் வைத்திருக்கும் பிரதியை இரவு டேட்டாவில் ஆறுதலாக இறக்கலாம், அவசரமில்லை.

நாலாவது, ஆள் பிடித்துச் செய்விப்பது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதை நன்றாகச் செய்யும் இளம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய காசைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஆனால் புதிய கணக்கைச் சங்கத்தின் மின்னஞ்சலில் நீங்களே திறந்துவிட்டுத்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். "நானே எடுத்துத் தாறன் அண்ணை" என்று நல்ல மனதோடு சொல்வார்கள். அந்த நல்ல மனதால்தான் கணக்குகள் தனியாள் பெயரில் போய் நிற்கின்றன.

தமிழ் எழுத்து உடையாமல் கொண்டுபோவது

ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இதைப் பற்றிப் பெரிதாக இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பழைய தளங்களில் தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறை என்று குறிக்கப்பட்டிருக்கும், ஆனால் உள்ளே யூடிஎஃப்-8 தமிழ் கிடக்கும். பழைய சேர்வரில் ஒன்றும் தெரியாது. இடம் மாற்றியதும், புதிய தரவுத்தளம் அந்த மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாக எடுத்துவிடும். தளத்தைத் திறந்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி, திரும்பவும் அதே ஏ, அதே ஆர் என்று வரிவரியாக நிற்கும். "அமரர்" என்று தொடங்கும் மரண அறிவித்தல் அப்படி நிற்பதைப் பார்க்க வயிறு எரியும்.

பதற வேண்டாம், இது திருத்தக்கூடியது. பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. தரவுத்தளத்தை லத்தீன்-1 என்று சொல்லி வெளியே எடுத்து, அந்தக் கோப்பின் தலைப்பிலும் அட்டவணை வரையறைகளிலும் உள்ள லத்தீன்-1 குறிப்பை யூடிஎஃப்8எம்பி4 (தரவுத்தளத்தில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) என்று மாற்றி உள்ளே இறக்கினால் தமிழ் திரும்பி வரும். ஆனால் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், அந்தப் பிரதியில் தமிழ் அழிந்துவிட்டது. எந்த வித்தையாலும் அதைத் திருப்ப முடியாது, பழைய சேர்வரில் இருந்து மறுபடி எடுக்க வேண்டும். பழைய கணக்கை அவசரப்பட்டு மூடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இன்னும் பழைய தளங்களில், யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருவான பாமினி இருக்கும். அங்கே "அம்மா" என்பது தரவுத்தளத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். அது இடமாற்றத்தில் உடையாது. ஆனால் எழுத்துருக் கோப்பை மறந்துவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பாமினிப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றுவது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை, தேடினால் அப்போதுதான் அகப்படும். அதை இடமாற்றத்தோடு சேர்த்துச் செய்யாதீர்கள். இரண்டும் ஒன்றாக நடந்தால், பிழை வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

படங்களின் பெயரும் தமிழில் இருக்கலாம். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் சில ஸிப் கருவிகள் அந்தப் பெயர்களைச் சிதைத்துவிடும், பிறகு படம் இருந்தும் பக்கத்தில் தெரியாது. தார் பொதி பெயர்களைச் சிதைப்பதில்லை. நான் கையால் செய்யும் வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்னஞ்சலும் மாற்றும் நேரமும்

மின்னஞ்சலை யாரும் கடைசிவரை நினைப்பதில்லை. நானும் ஒருமுறை, மின்னஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் புதிய டிஎன்எஸ்ஸில் எழுதாமல் விட்டேன். தளம் அழகாகத் திறந்தது. கல்வி உதவித்தொகைக்குப் பிள்ளைகள் அனுப்பிய விண்ணப்பங்கள் நாலு நாளாக வந்து சேரவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதியை நீட்டச் சொல்லிக் குழுவிடம் கேட்டு, ஒவ்வொரு பாடசாலைக்கும் போன் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. இப்போது எம்எக்ஸ், எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் எல்லாவற்றையும் முதலே படம் பிடித்து வைக்கிறேன். பழைய கடிதங்களைக் கொண்டுபோகத் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் இரண்டு கணக்கையும் ஐமேப் முறையில் திறந்து, கோப்புறையை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் இழுத்துவிட்டால் போதும். முடியுமானால் மின்னஞ்சலை ஹோஸ்டிங்கில் இருந்து பிரித்துத் தனிச் சேவை ஒன்றில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது ஒரு தலையிடி குறையும்.

நேரம் பற்றி "48 மணித்தியாலம் எடுக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது டொமைனின் டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் பெயர்ச் சேர்வரை மாற்றினால்தான். டொட் கொம் பெயர்களுக்கு அந்தத் தகவலை உலகம் 2 நாள்வரை நினைவில் வைத்திருக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மாற்றுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே டிஎன்எஸ்ஸை மட்டும் கிளவுட்ஃபிளேர் போன்ற பொது இடத்துக்குக் கொண்டுபோங்கள். தளம் பழைய சேர்வரையே காட்டட்டும். மாற்றும் நாளுக்கு முதல்நாள் டிடிஎல்லை, அதாவது ஒரு டிஎன்எஸ் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 செக்கனாகக் குறையுங்கள். அன்று மாற்ற வேண்டியது சேர்வரின் எண் முகவரியான ஒரேயொரு ஐபி முகவரி. ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானோர் புதிய சேர்வருக்கு வந்துவிடுவார்கள்.

அதற்கு முன் புதிய தளத்தைச் சரிபார்க்க, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியை எழுதினால் உங்களுக்கு மட்டும் புதிய சேர்வர் தெரியும், உலகத்துக்குப் பழையதே தெரியும். இந்த நேரத்தில் எல்லாப் பக்கத்தையும் சோதியுங்கள். பிஎச்பி 8-க்கு வந்ததும் பழைய தீம் வெள்ளைத் திரையாக நிற்பது இங்கேதான் பிடிபடும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றிக் கவலை வேண்டாம், லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. காலாவதியாகும் முன்பு அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எந்த மணிக்கு மாற்றுவது? எல்லோரும் தூங்கும் நேரம் என்று எங்கள் தளத்துக்கு ஒன்று இல்லை. ஊரில் நள்ளிரவு என்றால் கனடாவில் பின்னேரம், அப்போதுதான் அங்கே கூட்டம் கூடும். ஊர் மதியம் 12 மணியைத் தெரிவு செய்தோம். ரொறன்ரோவில் கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 1.30. ஊரில் உள்ளவர்கள் வேலையிலும் வயலிலும் இருப்பார்கள். மாரி உரக்க முன்பு முடிக்க வேண்டும் என்பதும் இருந்தது. 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்கள் மார்கழியில் இந்த வேலையை வைக்க மாட்டார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

சிங்கப்பூர்ச் சேர்வரில் பொது ஹோஸ்டிங், முன்னால் கிளவுட்ஃபிளேர், மாற்றுவது கையால். கொழும்பு நிறுவனத்தை இரண்டாவது இடத்தில் வைத்தோம். 6 ஜிபிக்கு அவர்கள் கேட்ட விலையில் சிங்கப்பூரில் மூன்று மடங்கு இடம் கிடைத்தது, அதுவும் புதுப்பிப்பு விலையிலேயே. உங்கள் தளம் 1 ஜிபிக்குள் என்றால், பார்ப்பவர்கள் அதிகம் ஊரில்தான் என்றால், பற்றுச்சீட்டுக் கட்டாயம் வேண்டும் என்றால், நான் கொழும்பைத்தான் சொல்வேன். எஸ்எஸ்எச் தெரிந்தவர் இல்லாத இடத்தில் நிறுவனத்தின் இலவச மாற்றத்தை எடுங்கள், ஆனால் அதற்கு முதல் முழு பாக்கப்பை நீங்களே இறக்கி வையுங்கள், பிறகு கோப்புகளை எண்ணுங்கள்.

கணக்கு சங்கத்தின் பொது மின்னஞ்சலில் திறக்கப்பட்டது. இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு தலைவருடைய போனுக்கும், அவசரக் குறியீடுகள் தாளில் அச்சிட்டுப் பாடசாலை அலுவலக அலுமாரிக்கும் போயின. பிரதி மூன்று இடத்தில் இருக்கிறது: பாடசாலையில் ஒரு வன்தட்டு, ரொறன்ரோவில் பொருளாளர் அண்ணை வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஐபியை மாற்றினோம். 12.20-க்கு என் போனில் புதிய சேர்வர் திறந்தது. பழைய பக்கத்தில் 9,412 படக் கோப்புகள், புதிய பக்கத்திலும் 9,412. பழைய கணக்கு மார்கழி 20 வரை உயிரோடு இருக்கிறது. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை அதன் அஞ்சல் பெட்டியைத் திறந்து, தவறிப்போய் அங்கே வந்த கடிதம் ஏதும் உண்டா என்று பார்க்கிறேன். போன கிழமை ஒன்று இருந்தது. நோர்வேயில் இருந்து ஒருவர் 1987ஆம் ஆண்டு வகுப்புப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.